கடைத்தெருவுக்கு 'ஆனால்' வந்த கதை

'ஒரு' என்ற சொல்லின் விலை ஆறு கண்ணாடி வளையல். 'இந்த', 'அந்த' இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு டஜன், மேலே கொசுறாக ஒரு பொட்டு அட்டை. 'ஆனால்' கொஞ்சம் கனத்த சரக்கு. கல் வைத்த வளையல் ஒரு ஜோடிக்குக் கீழே அது கட்டுப்படியாகாது என்று அனுப்ரியா கறாராகச் சொல்லிவிட்டாள்.

விற்பவளுக்கு வயது ஆறு. வாங்குபவர் அவளைப் பெற்ற ஞானசேகரன், கேம்பல் லேனில் வளையல் கடை வைத்திருப்பவர். எழுத்தறிவுக்கு விலை உண்டா என்று யாராவது மேடையில் கேட்டால் அவரும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டுவார். கடைக்குத் திரும்பியதும், விலை போடாத சாமானை எவன் மதிப்பான் என்பார். பேரம் பேசாமல் வாங்கிய எதுவும் வீட்டில் தங்காது என்பது அவர் கட்சி. லீலாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில், கல்யாணத் தேதியையே பேரம் பேசி ஒரு மாதம் முன்னால் இழுத்துக்கொண்டு வந்தவர் அவர். லீலா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள், சிரித்துக்கொண்டுதான்.

சொல் வாங்கும் இந்த வியாபாரத்துக்குக் காரணம் ஒரு மரம்.

அனுப்ரியாவின் கிண்டர்கார்டன் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்தது. வீடு தெம்பனிசில், லீலாவுக்கும் அங்கேயே ஒரு கிளினிக்கில் வேலை. பிள்ளை மட்டும் காலையில் அப்பாவோடு ரயிலில் வந்து, வகுப்பு முடிந்ததும் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஏறிக்கொள்ளும். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தமிழ் சொல்லிக்கொடுக்கும் நிவேதிகா டீச்சர் ஞானசேகரனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

எந்தக் கதைப் புத்தகத்தைத் திறந்தாலும் வரிக்கு வரி தலைகாட்டும் சில சொற்கள் உண்டு என்று டீச்சர் ஆரம்பித்தார். ஒரு, இந்த, அந்த, பிறகு, ஆனால், வேண்டும். இவற்றைப் போய் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் கதை ஆறிப்போகும். தெரிந்தவர் முகத்தைப் பார்த்ததும் பெயர் வருகிற மாதிரி, பார்த்ததும் வாயில் வந்துவிட வேண்டும். அனுப்ரியாவோ ஒவ்வொன்றையும் முதல் தடவை பார்க்கிற ஆள் மாதிரியே பார்க்கிறாள். 'ஒ' என்பாள், மூச்சு வாங்குவாள், பிறகு 'ரு' என்பாள். வரியின் முடிவுக்கு வருவதற்குள் வரியின் தொடக்கத்தில் வந்தவர் யார் என்பது மறந்திருக்கும்.

தீபாவளி கழித்து ஆண்டு நிறைவு விழா. பெற்றோருக்கு முன்னால் பிள்ளைகள் ஓர் ஆமைக் கதையை ஆளுக்கு ஒரு பக்கமாக வாசிக்கப் போகிறார்கள். அனுப்ரியாவைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று டீச்சர் நினைத்தார்.

"அனு மரமா நிக்கட்டும். டிரெஸ் ரொம்ப அழகா இருக்கும்," என்றார், நல்ல மனதோடுதான்.

அனுப்ரியா அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "எனக்கு மரம் வேணாம். மரம் ஒண்ணுமே பேசாது. நான் படிக்கணும்."

அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துப் பேசி ஞானசேகரன் கண்டதில்லை. கடைக்கு வரும் வெள்ளைக்காரரிடம்கூட முகத்துக்கு நேரே விலை சொல்லுகிற பிள்ளை. விலை படியாமல் போகிற கூட்டத்தைப் பார்த்துப் பழகிய மனிதருக்கு, இது மட்டும் பொறுக்கவில்லை. உடனே அவருக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினார். இந்தச் சொற்களைப் பழக அனுவுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டீச்சர். ஞானசேகரன் விழாவன்று காலை வரை கேட்டார். ஒத்திகை வேண்டாமா என்றார் டீச்சர். தீபாவளிக்கு மறுவாரம் என்று அவர் இறங்கினார். படிந்தது. கடைசியாக டீச்சர், அவள் வாசித்தால் மரத்துக்கு நான் எங்கே போவது என்று கேட்டார். இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வேலை கொடுத்தாகிவிட்டதாம்.

"நான் நிக்கிறேன் டீச்சர்."

டீச்சர் மறுபேச்சுப் பேசாமல் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எதிராளி அவ்வளவு சுருக்கில் சம்மதித்தால் நாம் எங்கேயோ ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம். ஞானசேகரனுக்கு அது தெரியும். யோசிக்க நேரமில்லை.

அன்றைக்கே வளையல் பெட்டிகளைக் கிழித்து அட்டை செய்தார். தடித்த பேனாவால் ஒவ்வொன்றிலும் ஒரு சொல். சொன்னால் கைமேல் கூலி. நாலைந்து நாளிலேயே அனுப்ரியா சொற்களை விற்றுத் தள்ளினாள். அட்டையை நீட்டுவதற்குள் பதில் வந்தது. கலைத்து நீட்டினாலும் வந்தது. தலைகீழாக நீட்டினாலும் வந்தது; அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த மகளின் கைகளைப் பார்த்து லீலா, கடையை ஒரேயடியாக இங்கேயே மாற்றிவிட்டீர்களா, வாடகையாவது மிச்சம் என்றாள். அனுப்ரியாவுக்கு முழங்கை வரை வளையல். கையை மடக்கிச் சோறு சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை ஞானசேகரன் மகளை நிவேதிகா டீச்சர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சரக்கைப் பிரித்துக் காட்டுகிற வியாபாரியின் முகம் அவருக்கு. டீச்சர் தன் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். வெள்ளை வெளேரென்ற அட்டையில் அச்சடித்த 'ஆனால்'.

அனுப்ரியா வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். நான்கு மூலைகளையும் தடவினாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. டீச்சர் அதை வாங்கி வைத்துவிட்டு, வெள்ளைப் பலகையில் பெரிதாக 'ஆனால்' என்று எழுதினார். பிள்ளை வெகுநேரம் பலகையையே பார்த்தது.

"டீச்சர்," என்றாள் மெதுவாக, "இதுல தே தாரிக் கறை இல்லையே."

ஞானசேகரனுக்கு அப்போதுதான் விளங்கியது. கடையில் அவர் செய்த 'ஆனால்' அட்டையின்மேல் தே தாரித் தேநீர்க் குவளையை வைத்ததில் வட்டமாக ஒரு கறை விழுந்திருந்தது. 'இந்த' அட்டைக்கு மூலை மடங்கியிருக்கும். 'அந்த' அட்டையில் ஸ்டேப்பிள் கம்பி. 'பிறகு' ஊதுபத்திப் பெட்டியில் வெட்டியது, வாசனை வரும். மகள் சரக்கைத் தொடவே இல்லை; பெட்டியை மட்டும் மனப்பாடம் செய்து, வளையலாக வளையலாக வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

கோபப்பட நியாயமில்லை. அவரும் கடையில் அதைத்தான் செய்கிறார். எந்தப் பெட்டியின் சீட்டையும் அவர் படித்ததில்லை. ஓரம் நசுங்கியது பெரிய அளவு, நீலக் கயிறு சின்ன அளவு, எலி கடித்தது கல் வளையல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளை வேறு எதைக் கற்றுக்கொள்ளும்? டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஞானசேகரனுக்கும் சிரிப்பு வந்தது. மகளைப் பார்த்ததும் நின்றது.

"அப்போ நான் மரமா?"

"யார் சொன்னா? கெடு இன்னும் இருக்கு," என்றார். "மரத்துக்கு நான் புக் பண்ணியாச்சு. உனக்கு இடமில்ல."

கடைக்கு நடக்கும்போது அவர் யோசித்துக்கொண்டே வந்தார். பட்டு எது, பட்டு மாதிரி எது என்று தனக்கு எப்படித் தெரிய வந்தது? ஒரே சேலையை ஒரே கடையில் நூறு தரம் பார்த்தா? இல்லை. ஊரெல்லாம் பார்த்து. ஒரே கடையில் பார்த்தால் கடை பழகிப்போகும், அவ்வளவுதான். பத்துக் கடையில் பார்த்தால்தான் சரக்கு பழகும்.

பகல் சாப்பாடு முடிந்ததும், பக்கத்துக் கடை அர்ஃபானிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மகளோடு தெருவில் இறங்கினார். அர்ஃபான் பழைய கைப்பேசி வாங்கி விற்பவர். தீபாவளிக் கூட்டத்தை விட்டுவிட்டு எவனாவது கடைவீதி சுற்றுவானா என்று அவர் கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

காய்கறிக் கடைப் பலகையில் 'ஒரு கிலோ' என்று இருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் கோணல்மாணலாக எழுதியது. அனுப்ரியா எழுத்துக் கூட்டினாள். நகைக்கடைத் துணியில் 'ஒரு பவுன்', தங்க நிறத்தில். அங்கேயும் கூட்டினாள். உணவுக்கடைக் கண்ணாடியில் 'ஒரு பிரியாணி வாங்கினால்' என்று கண்டபோது கூட்டவில்லை. "ஒரு" என்றாள், போகிற போக்கில். சொன்ன பிறகுதான் தான் சொன்னது தெரிந்து நின்றாள். அதற்குப் பிறகு அவள் இழுத்த இழுப்புக்கு ஞானசேகரன் ஓட வேண்டியதாயிற்று. கோவில் வாசலில் 'காலணியைக் கழற்றிய பிறகு'. தையற்கடையில் 'இந்த வாரம் மட்டும்'. ஒரு பின்கதவில் 'சைக்கிளை வேறிடத்தில் நிறுத்த வேண்டும்'. அதற்குக் கீழேயே மூன்று சைக்கிள். கூலி கேட்கவே அவள் மறந்துபோனாள். அப்பா நினைவுபடுத்தவில்லை, வியாபாரி அல்லவா.

சில நாளில் எல்லாம் கைக்கு வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. 'ஆனால்' எந்தக் கடையிலும் இல்லை. சிராங்கூன் சாலையின் இரண்டு பக்கமும் தேடினார்கள், சந்து சந்தாகவும் தேடினார்கள். விழாவில் அவள் வாசிக்க வேண்டிய கதைப் பக்கத்திலோ அந்தச் சொல்தான் இருந்தது. ஞானசேகரன் அர்ஃபானிடம் புலம்பினார்.

அர்ஃபான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சேகரு, நீ கடைக்காரன்தானே? எவனாவது போர்டுல 'ஆனால்'னு போடுவானா லா? 'நல்ல ஃபோன், ஆனால்'னு போட்டா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவான்."

நியாயம்தான். வியாபாரி வாயில் வரலாம், வாசலில் தொங்கக்கூடாத சொல். ஆனாலும் ஞானசேகரன் அன்றே ஒரு பலகை வாங்கி எழுதி, கடை வாசலில் மாட்டினார்: 'கண்ணாடி வளையல் உடையும். ஆனால் உடையும் வரை அழகு.'

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் விலையைக் குறைத்தால் பொழுது சாய்வதற்குள் பக்கத்துக் கடைக்காரர் குறைத்தாக வேண்டும். ஒருவர் தோரணம் கட்டினால் அடுத்தவர் அதைவிட நீளமாகக் கட்டுவார். ஞானசேகரன் பலகைக்கு முன்னால் நாலு பேர் நின்று சிரித்துவிட்டு உள்ளே போய் வளையல் வாங்குவதைப் பார்த்த அர்ஃபானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் வாசலில் சிவப்பு விளக்கெழுத்து ஓட ஆரம்பித்தது: 'ஃபோன் பழசு. ஆனால் பேச்சு புதுசு.' பூக்கடைக்காரர் அட்டையில் எழுதிக் கட்டினார்: 'பூ வாடும். ஆனால் உங்களுக்கு முன்னால் அல்ல.' அதைப் படித்த ஒரு வயதான அம்மா சண்டைக்கு வந்ததால், 'ஆனால் நாளைக்குத்தான்' என்று திருத்தினார். தையற்கடை: 'அளவு சரியாக இருக்கும். ஆனால் தீபாவளிக்குச் சாப்பிடக் கூடாது.' இனிப்புக் கடைக்காரர் பதிலுக்கு, 'சர்க்கரை அதிகம். ஆனால் தையற்காரர் நம் நண்பர்' என்று போட்டார். தெருவே ஆனாலும் ஆனாலுமாகத் தொங்கியது. தமிழ் தெரியாதவர்கள்கூட நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர், இது ஏதோ தள்ளுபடியின் பெயர் என்று நினைத்து ஞானசேகரனிடம் அதைக் கேட்டு வாங்கியே தீருவேன் என்று நின்றார். இவரும் தள்ளுபடி கொடுத்துத்தான் அனுப்பினார்.

அனுப்ரியா ஒவ்வொரு பலகையாகப் போய் நின்றாள். முதலில் அர்ஃபான் கடை முன்னால். ஓடுகிற எழுத்து, பிடிக்கவே முடியவில்லை. சுற்றிச் சுற்றி வரட்டும் என்று காத்திருந்து, "இது நம்ம 'ஆனால்'தானே?" என்று கேட்டாள். அர்ஃபான், இல்லை, இது என் 'ஆனால்', உங்கப்பாவோடதைவிடப் பெரிசு என்றார்.

பிறகு ஒரு மத்தியானம். ஞானசேகரன் ஒரு பாட்டிக்கு வளையல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். வெளியே மகள் தனியாகச் சிரிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தார். காய்கறிக் கடை முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். புதிதாக ஒரு பலகை: 'வெண்டைக்காய் பிஞ்சுதான். ஆனால் உடைத்துப் பார்க்காதீர்கள்.'

"அம்மா உடைப்பாங்க," என்றாள் சிரிப்புக்கு நடுவில். "அம்மா எல்லாத்தையும் உடைப்பாங்க."

ஞானசேகரன் கையிலிருந்த வளையல் நழுவி உடைந்தது. அவர் குனியக்கூட இல்லை. யாரும் அவளுக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. பலகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றால் பலகையைப் படித்திருக்க வேண்டும்.

தீபாவளிக்கு மறுவாரம் டீச்சர் வெள்ளை அட்டைகளை நீட்டினார். அனுப்ரியா ஒன்றையும் மோந்து பார்க்கவில்லை. டீச்சர் அவளுக்குப் பக்கத்தைக் கொடுத்தார். அப்பாவுக்கு மர உடுப்பைக் கொடுத்தார்.

விழா ஒரு சனிக்கிழமை. மேடையின் ஓரத்தில் பழுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு, தலையிலும் கைகளிலும் பச்சைக் காகித இலைகளோடு, இரண்டு கைகளையும் தூக்கியபடி ஞானசேகரன் நின்றார். கை வலித்தது. மீசையை மறைக்க இலை போதவில்லை. முதல் வரிசையில் லீலா கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்; மகளுடைய முறை வரும்வரை மரத்தை மட்டும் பிடித்தாள்.

அனுப்ரியா ஒலிவாங்கி முன்னால் வந்தாள். தரையைப் பார்க்கவில்லை.

"ஆமைக்கு ஒரு குடை வேண்டும். இந்தக் குடை பெரியது. ஆனால்..." இங்கே அவள் நிறுத்தி, விலை சொல்ல வாயெடுக்கும் அப்பா மாதிரியே ஒரு விரலைத் தூக்கினாள். "ஆனால், அந்தக் குடை மிகவும் சிறியது."

கூட்டம் கை தட்டியது. மரத்தால் கை தட்ட முடியவில்லை. காற்றே இல்லாத மண்டபத்தில் இலைகள் மட்டும் சலசலத்தன.

கடைசிப் பக்கம் ஆதவன் என்ற பையனுக்கு. அவன் வாயைத் திறந்தான். இலைச் சத்தம் கேட்டுத் திரும்பினான். மரத்துக்கு மீசை இருப்பதைக் கண்டான். அவ்வளவுதான். அவனுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அடக்க அடக்கப் பீறிட்டது. மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றியது. டீச்சர் ஓரத்திலிருந்து கையைக் காட்டினார், கண்ணைக் காட்டினார். ஆதவன் கீழே உட்கார்ந்தே சிரித்தான். கதையில் ஆமை நடுமழையில் நின்றுகொண்டிருந்தது.

அனுப்ரியா திரும்பி நடந்து ஒலிவாங்கிக்கு வந்தாள்.

அது அவள் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்தில் என்ன சரக்கு இருக்கிறது என்று ஞானசேகரனுக்கும் தெரியாது. இத்தனை நாள் சேர்த்தது இந்த ஒரு நிமிஷத்தில் கைநழுவினால், பிள்ளை மறுபடியும் தரையைப் பார்க்கும். போதும், வந்துவிடு என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. மரம் பேசாது.

"பிறகு ஆமை சி-ரி-த்-தது," என்றாள். சின்னச் சொற்கள் தானாக வந்தன. பெரியதைக் கூட்டிக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைத்தது. அடுத்த வரியின் தொடக்கத்தில் நீளமாக ஒன்று குறுக்கே படுத்திருந்தது. 'ஏ' என்றாள். 'னெ' என்றாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். அது நகரவில்லை. ஆதவன்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அனுப்ரியா தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தாள். கடை வாசலில் நிற்பவர்களைப் பார்க்கிற அதே பார்வை.

"இந்தச் சொல் இப்ப ஸ்டாக் இல்ல," என்றாள். "நாளைக்கு வரும்." பிறகு விரலை அதற்கு அடுத்த சொல்லில் வைத்து, நிறுத்தாமல் வாசித்தாள்: "அதன் வீடு அதன் முதுகில் இருந்தது."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. எழுந்து நின்று தட்டினார்கள். நிவேதிகா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரம் வேரோடு கிளம்பி நடு மேடைக்கு வந்து மகளைத் தூக்கிக்கொண்டது. பாதி இலைகள் அங்கேயே உதிர்ந்தன.

வாசலில் டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொல் 'ஏனென்றால்', சபையில் வாக்குக் கொடுத்திருக்கிறாய், நாளைக்கு எத்தனை மணிக்குக் கொண்டுவருவாய் என்று கேட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை டீச்சர், லீவு," என்றாள் அனுப்ரியா. "திங்கட்கிழமை எடுத்துக்குங்க."

டீச்சர் காலை என்றார். அவள் மத்தியானம் என்றாள். லீலா குறுக்கே வந்து பத்து மணிக்கு முடித்துவைத்தாள்.

ஆக அன்றைய கணக்கு: வாசிப்பதாகப் பேசியது ஒரு பக்கம். வாசித்துக் கொடுத்தது இரண்டு. பாக்கி ஒரு சொல், தவணை திங்கள் காலை.